எச்சில் காற்று

நடந்ததெல்லாம் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். அது எந்த மாதம் என்பதில் குழப்பம் உண்டு. ஏழாம் நம்பர் காற்றாலையின் உச்சியில் அக்கா பேசாமல் உட்கார்ந்திருந்தது பத்து நிமிடம் என்று, கீழே ஆட்களோடு நின்ற நான் கணக்கு வைத்திருக்கிறேன். கூடவே மேலே இருந்தவனோ அரை மணி நேரத்துக்குக் குறையாது என்று சத்தியம் செய்கிறான். ஆனால் ஒன்பது என்ற எண்ணில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

அந்தக் காற்றாலைப் பண்ணையில் பதினெட்டு இயந்திரங்கள். பதினெட்டுக்கும் பராமரிப்புத் தலைமை அக்கா. ஆட்கள் மட்டுமல்ல, அவளைவிட ஆறு வயது மூத்த மேனேஜரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். காலையில் ஜீப்பை விட்டு இறங்கியதும் அவள் செய்கிற முதல் வேலை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பதினெட்டையும் ஒரு தடவை பார்ப்பது. எல்லாம் ஒரே பக்கம் முகம் காட்டி, காற்றை நேருக்கு நேர் பார்த்து நின்றால்தான் அவளுக்கு டீ தொண்டையில் இறங்கும். ஒன்று சற்றே பிசகி நின்றாலும் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். கண்ட்ரோல் ரூமில் எண் மாறுவதற்கு முன்பே, "பன்னிரண்டுக்கு என்ன கோபம், திரும்பி நிக்குது?" என்று கேட்டுவிடுவாள். பதினாலு வருடத்தில் அந்தக் கண் பொய் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

பராமரிப்புக் கொட்டகையில் ஒரு சிவப்பு அட்டை நோட்டு உண்டு. யார் தவறு செய்தாலும் அதைத் தன் கையாலேயே அதில் எழுத வேண்டும். எழுதியதை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது அக்காதான். போல்ட்டை முறுக்க மறந்தவன், பெல்ட்டை மாட்டாமல் ஏணியில் கால் வைத்தவன், எண்ணெயை மாற்றி ஊற்றியவன் என்று எல்லோருக்கும் அதில் பக்கங்கள் உண்டு. அக்காவின் பக்கம் வெள்ளையாக இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் நோட்டைப் புரட்டும்போது அந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்களைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் புரட்டுவாள்.

இந்த இடத்துக்குத்தான் அவளுடைய தம்பி வந்து சேர்ந்தான்.

தம்பி அவளைவிட எட்டு வயது சின்னவன். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. ஒரு காற்றாலை இன்னொன்றின் காற்றை எப்படிக் கெடுக்கிறது, கெடாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் ஆறு வருடமாக அவன் மண்டையில் ஓடிக்கொண்டிருந்த விஷயம். ஆறு வருடமும் கம்ப்யூட்டருக்குள்ளேயே காற்று அடித்தது. நிஜக் காற்றில் சோதித்துப் பார்க்க அவனுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. ஏழும் எட்டும் பெருங்காற்று வீசுகிற திசையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கிற இந்தப் பண்ணை அதற்கு வாகாக அமைந்தது. ஒரு காற்றுக்காலம் முழுக்கச் சோதித்துக்கொள்ளலாம் என்று தலைமை அலுவலகம் அனுமதி கொடுத்திருந்தது.

முதல் நாள் கொட்டகையில் ஆட்களை உட்காரவைத்து அவன் விளக்கினான்.

"முன்னாடி நிக்கிற ஏழு, காத்துல இருக்கிற தெம்பை உறிஞ்சிடுது. உறிஞ்சினது போக, கலங்கின காத்தைப் பின்னாடி விடுது. அது நேரா எட்டு மேல போய் விழுது. எட்டுக்குத் தெம்பில்லாத காத்துதான் கிடைக்குது."

"இதுக்கா டாக்டர் பட்டம் வாங்கினீங்க?" என்றான் கிரீஸ். பல்சக்கரப் பெட்டிக்கு எண்ணெயும் மசகும் போடுகிறவன். குளித்துவிட்டு வந்தாலும் முழங்கை வரை கறுப்பாகவே இருப்பான், அதனால் அந்தப் பெயர். "அது எச்சில் காத்து. எட்டு பொறந்ததுலேர்ந்து ஏழோட எச்சிலைத்தான் தின்னுது. அதான் சோனியா இருக்கு. நாங்க பத்து வருஷமா சொல்லிட்டிருக்கோம்."

தம்பி சிரிக்கவில்லை. பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து 'எச்சில் காற்று' என்று எழுதிக்கொண்டான். அதைப் பார்த்ததும் கிரீஸுக்கு அவன்மேல் மரியாதை வந்துவிட்டது.

"சரி, அதுக்கு என்ன வைத்தியம்?" என்று அக்கா கேட்டாள்.

"ஏழைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தணும். அப்படி நிறுத்தினா எச்சில் காத்து ஒரு பக்கமா ஒதுங்கிப் போயிடும். ஏழுக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனா எட்டுக்கு நல்ல காத்து கிடைக்கும். ரெண்டையும் கூட்டிப் பார்த்தா லாபம்."

"திருப்பின்னா, எவ்வளவு?"

"இருபது டிகிரி வரைக்கும்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். சின்ன வயதில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்புவான். வாசலில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டது அவள்தான்.

"ஒரு டிகிரி கோணலா நின்னாலே எனக்குச் சோறு செல்லாது. நீ இருபதுங்கறே."

"ஆமா."

"வேணும்னே."

"வேணும்னேதான்."

அன்றிலிருந்து அவனுக்குக் கோணல் டாக்டர் என்று பெயர் விழுந்தது. வைத்தது கிரீஸ். அக்கா கண்டிக்கவில்லை. ஆனால் தம்பி எழுதிய கட்டுரை ஒன்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கருவி அலமாரியில் வைத்திருந்தாள். இரண்டாம் பக்கத்துக்கு மேல் அவளுக்கு அதில் ஒன்றும் புரியாது. உதிரிபாகம் கொண்டுவருகிறவர்கள் யாராவது அலமாரிப் பக்கம் வந்தால், "அதுல எண்ணெய்க் கை படாம பாருங்க, தம்பி எழுதினது" என்பாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

சோதனை தொடங்குவதற்கு முன்னால் தம்பி ஒரு பட்டியலோடு வந்தான். எந்தெந்தக் கருவி சரியாகக் காட்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் செய்துகொண்டே போனான். கடைசியில் ஒன்று மிச்சமிருந்தது.

"ஏழோட திசை எண்ணை யாரு வச்சது?"

ஒவ்வொரு காற்றாலைக்கும் தான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு கணக்கு உண்டு. வடக்கைப் பூஜ்யமாக வைத்து எண்ணுவது. அந்தக் கருவியை மாற்றினால் வடக்கைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏழில் அதை மூன்று வருடத்துக்கு முன்பு மாற்றியிருந்தார்கள்.

"நான்தான் வச்சேன்."

"எப்படி வச்சே? அவ்வளவு இரும்புக்கு நடுவுல காந்தமுள் வேலை செய்யாதே."

"அதுக்குத்தான் என் சார்ட் இருக்கு." அவள் சுவரைக் காட்டினாள். எந்தக் கோபுரத்திலிருந்து பார்த்தால் ஊர்த் தண்ணீர்த் தொட்டி எத்தனையாவது டிகிரியில் தெரியும் என்று பதினெட்டுக்கும் அவள் நில அளவைக்காரரை வைத்துக் கணக்கிட்டு எழுதிய அட்டவணை அது. காற்றாலையின் தலையைத் தொட்டிக்கு நேராகத் திருப்பி நிறுத்தி, அட்டவணையில் உள்ள எண்ணைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மற்றப் பண்ணைகளிலிருந்துகூட இதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஒரு தடவை சரிபார்த்துடலாமா?"

"என்னடா, என் கையை நம்பமாட்டியா?"

தம்பி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கடைசிக் கட்டத்திலும் டிக் போட்டான்.

ஒரு மணி நேரம் ஏழை நேராக நிறுத்துவது, அடுத்த ஒரு மணி நேரம் காற்றின் திசைக்கேற்பத் திருப்பி நிறுத்துவது, இரண்டிலும் ஏழும் எட்டும் சேர்ந்து எவ்வளவு மின்சாரம் தந்தன என்று பார்ப்பது. இப்படியே மாற்றி மாற்றி இரண்டரை மாதம் ஓடியது. எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் எத்தனை டிகிரி என்பதைத் தம்பியின் புரோகிராம் பார்த்துக்கொண்டது. ஏழு திரும்பி நிற்கிற மணி நேரங்களில் அக்கா ஏழின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே வேலை பார்ப்பாள்.

தம்பி அவள் வீட்டில்தான் தங்கியிருந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அவள் கணவர், மச்சானுக்காக முன்னறையைக் காலி செய்து கொடுத்திருந்தார். இரண்டரை மாதக் கணக்கு வந்த அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்பிள்ளை, தட்டுலயும் ஆராய்ச்சியா?" என்றார் அத்தான்.

"ரெண்டு சதவீதம் குறையுது அத்தான்."

"உப்பா?"

"மின்சாரம். திருப்பி நிறுத்தினா கூடும்னு ஆறு வருஷமா சொன்னேன். குறையுது. சந்தேகத்துக்கே இடமில்லாம குறையுது."

அத்தானுக்கு அதற்குமேல் வேடிக்கை பேச மனம் வரவில்லை. கோணலாக நின்றால் குறையத்தான் செய்யும் என்று அக்கா முதல் நாளே நினைத்தாள். நினைத்தது பலித்துவிட்டது. அதில் அவளுக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை என்பது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை மீட்டிங்ல சோதனையை நிறுத்திடுவாங்க," என்றான் தம்பி. "எங்க குழுவையும் கலைச்சிடுவாங்க. நாலு பேரும் வேற ஏதாவது பார்க்கணும்."

"கணக்குல தப்பிருக்குமோ?"

"குறையறது தெரிஞ்சதுலேர்ந்து அதைத்தான் பார்க்கறேன். கணக்கு சரி. காத்து ஒத்துக்கலை. அவ்வளவுதான்."

அப்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. தம்பி எழுந்து முன்னறைக்குப் போனான். "நல்லா போகுதும்மா... ஆமா, அக்கா நல்லா பார்த்துக்கறா... எல்லாம் நினைச்ச மாதிரிதான்" என்று அவன் சொல்வது இவர்களுக்குக் கேட்டது. அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் கழுவினாள். மூன்றே தட்டுகள்.

புதன்கிழமை காற்று குறைவு. ஏழில் போல்ட் பார்க்கிற முறை. அக்காவும் கிரீஸும் ஏறினார்கள். வேலை முடிந்ததும் தலையின் மேல்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்தார்கள். அவ்வளவு உயரத்தில் பேச்சு தானாகவே குறைந்துவிடும். கீழே சாலை ஒரு நூல் மாதிரி கிடந்தது.

"அக்கா, அங்க பாரு," என்றான் கிரீஸ். "பழைய தொட்டி இருந்த இடத்துல பள்ளிக்கூடம் எழும்பிடுச்சு. என் பொண்ணை அங்கதான் சேர்க்கப்போறேன்."

"எங்க?"

"அதோ, மஞ்சளா தெரியுதே."

அக்கா மஞ்சள் கட்டடத்தைப் பார்த்தாள். பிறகு அதற்கு வெகுதூரம் இடப்பக்கம் நின்ற தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள்.

"அப்ப அந்தத் தொட்டி?"

"அது புதுசுக்கா. அதே அச்சுல கட்டிட்டாங்க, பார்த்தா வித்தியாசம் தெரியாது. பழசை இடிச்சு மூணு வருஷத்துக்கு மேலயே இருக்கும். என் மச்சான்தான் லாரி விட்டான் இடிசலுக்கு."

அக்கா திரும்பவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு, புழுதி மூடிய ஒரு நாளில், இதே இடத்தில் உட்கார்ந்து, மங்கலாகத் தெரிந்த ஒரு தொட்டிக்கு நேராக ஏழின் தலையைத் திருப்பி நிறுத்தியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. தொட்டியைப் பார்த்தாள், எண்ணைக் கொடுத்தாள், கையெழுத்துப் போட்டாள். கையெழுத்தின் கடைசிச் சுழிகூட ஞாபகம் இருந்தது.

"உள்ள போய் தலையை எட்டுக்கு நேரா திருப்பு," என்றாள்.

எட்டின் கோபுரம் ஏழிலிருந்து எத்தனையாவது டிகிரி என்று நில வரைபடத்திலேயே உண்டு: எண்பத்திரண்டு. கிரீஸ் இயந்திரத்தைத் திருப்பினான். அது முனகிக்கொண்டே மெதுவாகச் சுற்றியது. அக்கா மேலே நின்று, கோபுரம் நேருக்கு வந்ததும் கையைக் காட்டினாள்.

"என்ன காட்டுது?"

"தொண்ணூத்தொண்ணு."

"மறுபடி படி."

"தொண்ணூத்தொண்ணுதான்க்கா."

ஒன்பது டிகிரி.

மூன்று வருடம் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் எளிது. காற்றாலை காற்றுக்கு முகம் காட்டுவதற்குத் தன் தலையில் உள்ள, காற்றின் திசை காட்டும் சின்னத் துடுப்பைத்தான் நம்புகிறது. வடக்கு எது என்று தெரியாவிட்டாலும் அதன் பிழைப்பு நடக்கும். தம்பியின் புரோகிராமுக்குத்தான் வடக்கு வேண்டும். காற்று உண்மையில் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான், எச்சில் காற்று எட்டின் எந்தப் பக்கம் போகிறது, அதை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அது முடிவு செய்யும். ஒன்பது டிகிரி பிசகினால், தானாகவே ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்த காற்றை இழுத்து வந்து எட்டின் முகத்திலேயே அடிக்கும். இரண்டரை மாதமாக அதைத்தான் செய்திருக்கிறது. இது அக்காவுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தது அப்போதுதான்.

கிரீஸ் மேலே வந்து பார்த்தான். பிறகு தன் கையுறையைப் பார்த்தான். கடைசியில் சொன்னான்:

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? நான் இப்பவே உள்ள போய் ஒன்பதைக் கழிச்சிடறேன். ரெண்டு நிமிஷ வேலை. இனிமே எல்லாம் சரியா வரும். யாருக்கும் தெரியாது."

அது உண்மைதான். தெரியாது. எண்ணைத் தப்பாக வைத்தவர்களுக்கு ஆறு மாதம் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. திரும்ப வாங்க வேண்டுமானால் புது ஆட்களோடு பெஞ்சில் உட்கார்ந்து தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பதே அவள்தான். ரகசியமாகத் திருத்திவிட்டால் அவளுடைய வெள்ளைப் பக்கம் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள். அதற்குள் புதுக் கணக்கு எதுவும் சேராது. மேஜையில் இருக்கப்போவது அந்த இரண்டு சதவீதம் மட்டும்தான். தம்பி எழுந்து, காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். போகிற வழியில் அம்மாவுக்குப் போன் போட்டு, நல்லா முடிஞ்சுதும்மா என்பான்.

தொட்டி அங்கேயே நின்றது. ஒரு மேகத்தின் நிழல் அதன்மேல் ஏறி இறங்கியது.

"எண்ணைத் தொடாதே," என்றாள் அக்கா. "இப்படியே இருக்கட்டும். தம்பி வந்து பார்க்கணும்."

"அக்கா..."

"இறங்கு."

அலுவலகத்தின் பின்னறையில் தம்பி தன் கம்ப்யூட்டர்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அக்கா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னாள். தம்பி கையில் ஒரு வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டான். சுற்றி முடித்த பிறகும் கை சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஒன்பதா?"

"ஒன்பது."

அவன் கட்டியதைப் பிரித்து ஒரு கம்ப்யூட்டரைத் திறந்தான். இரண்டரை மாத மின்சாரக் கணக்கைக் காட்டிய கோட்டை ஒன்பது டிகிரி நகர்த்தினான். நஷ்டம் காட்டிய பள்ளங்களெல்லாம் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. தவறான பக்கம் திருப்பினால் எங்கே எவ்வளவு கெடும் என்று அவனுடைய சமன்பாடு ஒரு கோடு போட்டிருந்தது. இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன.

அக்கா குனிந்து திரையைப் பார்த்தாள்.

"கெட்டதுகூட நான் சொன்ன மாதிரியே கெட்டிருக்கு," என்றான் தம்பி மெதுவாக.

"உன் கணக்கு சரிதாண்டா."

"என் தப்புக்கா இது. வேற எந்தப் பண்ணையா இருந்தாலும் முதல் நாளே திசையைச் சரிபார்த்திருப்பேன். நீ வச்சதுன்னு சொன்னே, விட்டுட்டேன். ஆராய்ச்சிக்காரன் விடக்கூடாது. மீட்டிங்ல நானே சொல்லிக்கறேன், சரிபார்க்காதது நான்தான்னு."

"அதெல்லாம் வேண்டாம்."

"ஏன்?"

"என் தப்புல பங்குக்கு வராதே. தொட்டியைப் பார்த்தது நான், எண்ணைக் கொடுத்தது நான், கையெழுத்து என்னோடது. சின்ன வயசுலேர்ந்து என் தட்டுலேர்ந்து எடுத்துத் தின்னே பழகிட்டே. இதை விட்டுவை."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்கக் குனிந்து வயரை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் ஒரு பக்கம், திரையில் தலைமை அலுவலகத்துக்காரர்கள் இரண்டு பேர், சுவர் ஓரமாகப் பராமரிப்பு ஆட்கள் எல்லோரும். ஆட்களை வரச்சொன்னது அக்கா. அவள் சிவப்பு நோட்டோடு எழுந்தாள். அந்த நோட்டை மற்றவர்களுக்காக விரித்துக்கொடுத்தே பழகிய கை. தனக்காக விரிக்கையில் பக்கம் தேடச் சற்றுத் தடுமாறியது. குரல் தடுமாறவில்லை.

"ஏழாம் இயந்திரத்தின் திசை எண்ணை மூன்று வருடத்துக்கு முன்பு நான் வைத்தேன். பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டதை அறியாமல், புதுத் தொட்டியைக் குறிவைத்தேன். ஒன்பது டிகிரி பிசகு. என் அட்டவணையை நம்பி வேறு வழியில் சரிபார்க்கவில்லை. இரண்டரை மாதச் சோதனை இதனால் தலைகீழாக நடந்திருக்கிறது. இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை."

கடைசி வாக்கியத்தைத் தம்பியைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கா, விதி தெரியும் இல்லையா?"

"எழுதினதே நான்தானே. ஆறு மாசம்."

"உங்களுக்கு யாருக்கா கேள்வித்தாள் போடுறது?"

"கிரீஸைப் போடச் சொல்லுங்க. என்மேல அவனுக்குப் பழைய பாக்கி நிறைய இருக்கு."

சுவர் ஓரத்தில் சிரிப்பு ஓடியது. ஆனால் சிரித்தவர்கள் எல்லோரும் நேராக நின்றுகொண்டு சிரித்தார்கள். யாரும் சொல்லாமலேயே கட்டியிருந்த கைகளை அவிழ்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

தம்பி ஒன்றன்மேல் ஒன்று படுத்த இரண்டு கோடுகளையும் திரையில் காட்டினான். தலைமை அலுவலகத்தில் ஒருவர் முகத்தைத் திரைக்கு வெகு பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். "காற்றுக்காலம் முடிய இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டார்.

"அஞ்சு வாரம்."

"எண்ணைத் திருத்திட்டு மறுபடி ஆரம்பிங்க."

திருத்தியதற்குக் கையெழுத்துப் போட்டது கிரீஸ். அவனுடைய முதல் கையெழுத்து அது. அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "கோட்டுக்கு மேல போடு" என்று மட்டும் சொன்னாள். பதினெட்டையும் புதிதாகச் சரிபார்த்தார்கள், இந்தத் தடவை மறுபடி அளந்த புதுத் தொட்டி, பக்கத்துக் கோபுரம், சாட்டிலைட் கருவி என்று மூன்று வழியில். மற்றப் பதினேழும் பழைய தொட்டி இருந்தபோதே வைத்தவை, சரியாக இருந்தன. அதை மேனேஜர் சத்தமாகப் படித்தார். பதினேழும் அக்கா வைத்தது என்று கிரீஸ் தேவையில்லாமல் சேர்த்துச் சொன்னான்.

ஐந்து வாரமும் காற்று ஏமாற்றவில்லை. அந்த நாட்களில் எண்ணெய் டேங்கர் கொண்டுவந்த ஒரு டிரைவர், கொட்டகை வாசலில் டீ குடித்துக்கொண்டே கையை நீட்டினான்.

"அந்த ஒண்ணு மட்டும் கோணலா நிக்குதே, ரிப்பேரா?"

அக்கா திரும்பி ஏழைப் பார்த்தாள். அது காற்றிலிருந்து பதினெட்டு டிகிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் எட்டு, பதினாலு வருடத்தில் அவள் பார்த்திராத வேகத்தில் சுற்றியது.

"ரிப்பேர் இல்ல. என் தம்பி அப்படி நிறுத்தி வச்சிருக்கான். பின்னாடி நிக்கிறதுக்கு வழி விடுது."

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. டீ ஆறிப்போனது. இரண்டாம் டீ அவள்தான் வாங்கிக்கொடுத்தாள்.

ஐந்து வார முடிவில் ஏழும் எட்டும் சேர்ந்து நான்கு சதவீதம் கூடுதலாகத் தந்திருந்தன. தம்பியின் குழுவை யாரும் கலைக்கவில்லை. அவன் எழுதிய கட்டுரையில் ஒன்பது டிகிரி பிசகு பற்றி ஒரு தனிப் பகுதி உண்டு. திசையைச் சரிபார்க்காமல் சோதனையைத் தொடங்கியது தன் குறை என்று அக்கா எவ்வளவு தடுத்தும் அதில் எழுதிவிட்டான். இப்போது அவனுடைய முறையில் பதினெட்டும் இயங்குகின்றன. அக்கா ஆறு மாதம் கழித்து, தான் பழக்கிய ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்து தேர்வு எழுதினாள், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. நான்கு மதிப்பெண்ணைக் குறைத்தது கிரீஸ். ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை. கிரீஸ் இப்போது பக்கத்துப் பண்ணையில் பராமரிப்புத் தலைமை. அவன் மகள் அந்த மஞ்சள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மேனேஜர் ஓய்வு பெற்று மகன் வீட்டோடு இருக்கிறார். அத்தான் பள்ளி பஸ்தான் ஓட்டுகிறார். அம்மாவிடம் தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். போனில் அவன் குரலைக் கேட்டபோதே தெரிந்தது என்று அம்மா சொன்னாள். அக்கா இன்னும் அதே பண்ணையில் இருக்கிறாள்.